உள்ளே 186, வெளியே 154

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. ஏதோ ஒரு பட்டியலில் சில ஊர்கள் அப்படியே விட்டுப்போய்விட்டன. கேட்டதற்கு, ‘கணினியில் நினைவகம் போதாமல் கோளாறு ஆகிவிட்டது, புதிய கணினி கேட்டிருக்கிறோம்’ என்று பதில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது எந்த அலுவலகம் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. அதே பதிலை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அதுவும் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம். அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

திருத்துறைப்பூண்டியில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், சிட்டா எடுத்துக் கொடுப்பது, பரீட்சை விண்ணப்பம், ரயில் டிக்கெட் என்று ஓடுகிற கடை. பி.சி.ஏ. அஞ்சல் வழியில் படித்தது. பைத்தான் என்கிற கணினி மொழி மட்டும் கடையில் ஆளில்லாத மத்தியானங்களில் நானே பழகிக்கொண்டது. எழுதத் தெரியும், எழுதினது ஏன் நின்றுபோகிறது என்று பார்க்கத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலையில்தான் இருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் சம்பாப் பயிர் தண்ணீரில் கிடந்தபோது, விவசாயிகள் சிலர் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாதிப்புக் கணக்கு எடுத்தார்கள். மனு கொடுக்கும்போது கையில் கணக்கு இருக்கட்டும் என்று. ஊருக்கு ஒரு எக்செல் ஃபைல். பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நெல் ரகம், தண்ணீர் எத்தனை நாள் நின்றது, இப்படிப் பன்னிரண்டு பத்திகள். (பரப்பை ஹெக்டேரில் எழுதச் சொன்னால் பாதிப்பேர் ‘3 மா’, ‘அரை வேலி’ என்று எழுதியிருந்தார்கள். 3 மா ஒரு ஏக்கர் என்று அதையெல்லாம் மாற்றினது தனிக் கதை.) மொத்தம் 186 ஃபைல். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்க வேண்டும், ஊருக்கு ஒரு வரைபடமும் வேண்டும் என்றார்கள்.

கையால் செய்தால் ஒரு வாரம் ஆகும். பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி, ராத்திரி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் பட்டியல் தயார். திரையில் ஒரு பிழைச் செய்திகூட இல்லை. அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, பணமும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வாய்மேட்டிலிருந்து அந்தப் பெரியவர் பஸ் ஏறி வந்தார். மடித்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பட்டியலை மேஜையில் வைத்தார். “ஏம்மா, இதுல எங்க ஊரே இல்லையே? தகட்டூரும் இல்ல.”

எண்ணிப் பார்த்தேன். 154 ஊர்தான் இருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டு, ஸ்கிரிப்டில் ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், இந்தக் கதையில் பெரிய குற்றவாளி அதுதான். கொஞ்ச நேரத்தில் ‘மெமரி எரர்’ என்று வந்து நின்றது. “மெமரி பத்தலீங்க ஐயா, கம்ப்யூட்டர் பழசு” என்றேன். அவர் கோபப்படவில்லை. “தண்ணிதான் எங்களுக்குக் கடைசியா வரும்னு பார்த்தா, கம்ப்யூட்டருமா?” என்றார்.

அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. ஃபைல்களுக்கு ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார்கள். ஆங்கில அகரவரிசையில் ஆலத்தம்பாடி முதலிலேயே வந்துவிடும். தகட்டூர், வாய்மேடு, விளக்குடி எல்லாம் வால் பக்கம். காணாமல் போன 32 ஊர்களில் 31 அந்த வாலில் இருந்தவை. ஒன்று மட்டும் நடுவில் இருந்தது. அந்த ஒன்று ஏன் தனியாகப் போனது என்று அன்றைக்கு நான் யோசிக்கக்கூட இல்லை.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். கடையில் இருந்த டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்துகிற நினைவகம். இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டேன். ஓட்டினேன். முன்பு எந்த ஃபைலில் நின்றதோ அதே ஃபைலில் நின்றது. இரண்டு மடங்கு ரேம் போட்டும் ஒரு ஃபைல்கூடக் கூடுதலாக நகரவில்லை என்றால் குறை ரேமில் இல்லை என்று அந்த இடத்திலேயே புரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் ஆனது.

என் கணினியில் விண்டோஸ் 64 பிட். ஆனால் எப்போதோ இறக்கி வைத்த பைத்தான் 32 பிட். மெமரியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி எண் உண்டு. 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் வைத்து 32 இலக்கத்தில், எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சம், அதாவது 4 ஜிபி. சாதாரணமாக அதில் பாதியை விண்டோஸ் தனக்கு என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் 2 ஜிபிதான் நம் ஸ்கிரிப்டுக்கு. அதற்கு மேல் கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அந்த ஸ்கிரிப்டுக்கு அது கதவு எண் இல்லாத வீடு, தபால் போகாது. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று பார்க்க, பைத்தானைத் திறந்தால் வருகிற முதல் வரியைப் படித்தால் போதும், 32 பிட்டா 64 பிட்டா என்று அதிலேயே இருக்கும். வரிக் கடைசியில் ‘வின்32’ என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், 64 பிட் பைத்தானிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அதில் நான் ஒரு மணி நேரம் குழம்பினேன்.

சரி, 64 பிட் போட்டேன். இப்போது மெமரி எரர் வரவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு விட்டது விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் கடகட என்று அடித்துக்கொண்டது, மவுஸை நகர்த்தினால் அது நகர அரை நிமிஷம். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது எடுத்துவரும். ரேமோடு பார்த்தால் பழைய ஹார்டு டிஸ்க் மாட்டு வண்டி. கடைசியில் 186-ம் வந்தன. இத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் ஊருக்கு நாற்பது ஐம்பது கேபி ஃபைல், எல்லாம் சேர்த்தாலும் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவு வராது. அதற்கு 8 ஜிபி எதற்கு என்று மனசு கேட்கவில்லை.

இந்த வேலை செய்கிற மற்றவர்களுக்காக அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஃபைல் முடிந்ததும் அதன் பெயரையும், அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்பதையும் தனி ஃபைலில் எழுதிவைக்க இரண்டு வரி சேர்த்தேன். வேறொன்றையும் தொடவில்லை. ஆலத்தம்பாடியில் 90 எம்பி. அடுத்த ஊரில் 102. அதற்கடுத்து 114. ஒவ்வொரு படியும் பன்னிரண்டு, ஏறுவதைத் தவிர இறங்குவதே இல்லை. 800-ஐ நெருங்கியபோது, அறுபதாவது ஃபைலில், ஒரே தாவாகத் தாவி ஐந்து ஜிபியைத் தாண்டியது. கொஞ்சம் பொறுத்து இறங்கியது. பிறகு மறுபடி பன்னிரண்டு பன்னிரண்டாக ஏற்றம். நான் ஒரே வியாதி என்று நினைத்தது இரண்டு வியாதி. படி ஏறுவது ஒன்று, தாவுவது வேறு. படி ஏறினால் முடித்த எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தாவினால் அந்த ஒரு ஃபைலில் ஏதோ இருக்கிறது.

முதலில் படி. அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வருகிறது? ஊருக்கு ஒரு வரைபடம் போட்டேன் இல்லையா, 8 அங்குல அகலம், 6 அங்குல உயரம், அங்குலத்துக்கு 250 புள்ளி. 2000 புள்ளிக்கு 1500 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் பைட், அதாவது 12 எம்பி. படத்தை டிஸ்கில் சேமித்த பிறகும், பைத்தானில் படம் வரைந்து தருகிற மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. மூடு என்று நாம் சொன்னால்தான் விடும். 154 படம் என்றால் 1,848 எம்பி. பைத்தானும் மற்ற சாமான்களும் சேர்ந்தால் 2 ஜிபி வரம்பு முட்டியாயிற்று. சரியாக 154-ல் ஏன் நின்றது என்பதற்குக் கணக்கு அதுதான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இருபது படத்துக்கு மேல் திறந்து கிடந்தால் அதுவே எச்சரிக்கை காட்டும். எனக்கும் காட்டியது. சிவப்பாக ஏதேதோ வருகிறதே என்று, எச்சரிக்கைகளை அடக்கிவைக்கும் ஒரு வரியை எங்கிருந்தோ எடுத்து மேலே ஒட்டியிருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் விளக்கினேன். மூன்று ஏக்கர் விவசாயம், கணினி அவருக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டு, “கொள்முதல் நிலையம்தானே?” என்றார். நெல்லை எடை போட்டு, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, ரசீதும் போட்டாகிவிட்டது. ஆனால் லாரி வரவில்லை. சிப்பம் எல்லாம் அங்கேயே அடுக்கிக் கிடக்கிறது. அடுத்தவன் நெல்லைக் கொட்ட இடமில்லை. வேலை முடிந்த மூட்டைதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. “இதுக்கு நீ களத்தைப் பெருசாக்கினா ரெண்டு நாள் தாங்கும். லாரியை வரச்சொல்லு.” எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது.

லாரி என்பது ஒரே ஒரு வரி. படத்தைச் சேமித்த அடுத்த வரியில், அந்தப் படத்தை மூடு. அவ்வளவுதான்.

இனி அந்த அறுபதாவது ஃபைல். எக்செலில் திறந்தால் 312 விவசாயிகள், சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் மற்ற ஃபைல்கள் ஐம்பது கேபி இருக்க இது 20 எம்பிக்கு மேல். கன்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்தினேன். கர்சர் 10,48,576-வது வரிசையில் போய் நின்றது. எக்செல் தாளில் அதுதான் கடைசி வரிசை, அதற்குக் கீழே தாளே கிடையாது. பட்டியல் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு பிள்ளை கட்டம் போட்டிருக்கிறான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தாளின் அடி வரைக்கும் கோடு இழுத்துவிட்டான். பன்னிரண்டு பத்தி, பத்தே கால் லட்சத்துக்கு மேல் வரிசை. ஒன்றே கால் கோடிக் கட்டம், ஒன்றுக்குள்ளும் ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டமானாலும் கோடு இருக்கிறதல்லவா, ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றையும் எடுத்து வைக்கத்தான் செய்யும்.

எக்செல் ஃபைலைப் படிக்க நான் பயன்படுத்தினது ஓப்பன்பைஎக்செல் என்ற பைத்தான் தொகுப்பு. சாதாரண முறையில் திறந்தால் ஃபைல் அளவைப்போல ஏறக்குறைய 50 மடங்கு மெமரி பிடிக்கும், 50 எம்பி ஃபைலுக்கு 2.5 ஜிபி வரை ஆகலாம் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. எக்செல் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஜிப் செய்த கட்டு. ஒரே மாதிரி வெற்றுக் கட்டங்கள் அதில் நன்றாகச் சுருங்கிப் படுத்துக்கொள்ளும், பிரித்தால் பூதம். டிஸ்கில் இருக்கும் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதற்கு மருந்து, ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறப்பது. அப்போது முழுத் தாளையும் தூக்கி வைக்காமல் ஒவ்வொரு வரிசையாகத்தான் கொடுக்கும். பெயர் இல்லாத வரிசை தொடர்ந்து ஐம்பது வந்தால் அந்த ஊர் முடிந்தது, நிறுத்திவிடு என்று சேர்த்தேன். வந்த வரிசைகளையும் ஒரு பட்டியலில் சேர்த்துச் சேர்த்து கடைசியில் மொத்தமாக எழுதாமல், அவ்வப்போதே வெளி ஃபைலில் எழுதிவிடச் செய்தேன்.

அப்புறம் வாங்கிப் போட்ட 4 ஜிபியைக் கழற்றிவிட்டு, பழைய 4 ஜிபியிலேயே ஓட்டிப் பார்த்தேன். 186 ஊரும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்தன. மெமரி 200 எம்பியைத் தாண்டவில்லை. ரேமைக் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். பிழை எது வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த ஃபைலுக்குப் போ என்று எழுதியிருந்தேன். ராத்திரியில் எங்கோ ஒரு ஃபைலில் இடறி முழுதும் நின்றுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மெமரி தீர்ந்துபோவதும் அதன் கணக்கில் ஒரு பிழை. 156-வது ஊரிலிருந்து ஒவ்வொரு ஊரையும் திறக்கும், படம் வரைய இடம் இருக்காது, பிழை வரும், கண்டுகொள்ளாமல் போகும். படம் முடிந்த பிறகுதான் ஊரைப் பட்டியலில் சேர்ப்பது என்று வரிசை வைத்திருந்ததால் ஊரும் சேர்ந்து போனது. அந்தக் கட்டம் போட்ட ஊர் நடுவில் தனியாகப் போனதும் இப்படித்தான். மெமரி தீர்ந்தது விபத்து என்று வைத்துக்கொள்ளலாம். அதை மூடி மறைத்து அழகான பட்டியலாக அச்சடித்துக் கொடுத்தது நான். ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்து கிடந்திருந்தால் அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும், அந்தப் பெரியவர் மழையில் வந்திருக்க வேண்டாம்.

இது சின்னக் கடைகளில் மட்டும் நடப்பதில்லை. 2020-ல் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனாத் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமலே போயின. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அங்கேயும் கணினி எதையும் மறைக்க நினைக்கவில்லை. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று நடுவில் யாரும் ஒப்பிடவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை ‘கணினிக் கோளாறு’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே அச்சில் ஏற்றிவிடாமல், உங்கள் நிருபரை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எத்தனை ஃபைல் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது? விட்டுப்போன ஊர்கள் பட்டியலின் வாலில் இருக்கின்றனவா, நடுவிலா? இரண்டுக்கும் பதில் தெரியாமல் புதிய கணினி கேட்கிறார்கள் என்றால், அந்தக் கணினியிலும் அடுத்த வருஷம் அதே ஊர்கள்தான் விட்டுப்போகும். பட்டியல் போடுகிற அலுவலகங்களும் கடைசித் தாளின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம். ‘வந்த ஃபைல் இத்தனை, சேர்ந்த ஃபைல் இத்தனை, விட்டவை இன்னின்ன.’ இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

நான் அப்படித்தான் செய்கிறேன். திருத்திய பட்டியலை அந்தப் பெரியவரிடம் கொடுத்தபோது, தன் ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் கடைசித் தாளைத் திருப்பினார். ‘வந்தது 186, சேர்ந்தது 186’ என்ற வரியின் மேல் விரலை வைத்து, “இதையும் அந்த கம்ப்யூட்டரே எண்ணிச்சா?” என்று கேட்டார். இல்லை ஐயா, நான் கையால் எண்ணினேன் என்றேன். இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். அவர் எதிரிலேயே எண்ணினேன்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கித்தான் போட வேண்டுமென்றால் நான் ரேம் வாங்கி ஏமாந்ததையும் வின்32-ல் குழம்பியதையும் எடுத்துவிடலாம். இங்கிலாந்தையும் எடுத்துவிடலாம். அந்த இரண்டு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருத்துறைப்பூண்டி.